அம்மா கேட்ட புத்தகம்

மகாராஷ்டிரத்தில் ககோதே என்ற சிற்றூர் இருக்கிறது. 1895-ஆம் ஆண்டு அங்கே பிறந்தவர் வினோபா பாவே. அவருடைய தாயார் பெயர் ருக்மிணி.

அம்மாவுக்குக் கீதையை அறிய ஆசை. ஆனால் கீதை சமஸ்கிருதத்தில் உள்ளது. அம்மாவுக்கு அது புரியவில்லை. மகன் ஒரு மராத்தி மொழிபெயர்ப்பைக் கொண்டு வந்து கொடுத்தார். அதுவும் கடினமாக இருந்தது. நீயே எளிய மராத்தியில் எழுது என்று அம்மா மகனிடம் சொன்னார்.

1918-இல் அம்மா இறந்து போனார். மகன் அந்தச் சொல்லை மறக்கவில்லை. 1930 அக்டோபரில் எழுதத் தொடங்கினார். 1931 பிப்ரவரியில் எழுதி முடித்தார். நூலின் பெயர் 'கீதாயி'. மராத்தியில் 'ஆயி' என்றால் அம்மா.

கேட்ட அம்மா அந்த நூலைப் பார்க்கவே இல்லை. அப்படியானால் வினோபாவின் உழைப்பு வீணா? இல்லை. பல லட்சம் பிரதிகள் மக்களிடம் போய்ச் சேர்ந்தன. அவரவர் வீட்டு அம்மாக்கள் படித்தார்கள்.

1932-இல் விடுதலைப் போராட்டத்தில் வினோபா சிறை சென்றார். துலே சிறையில் ஞாயிறுதோறும் கைதிகளுக்குக் கீதையை விளக்கினார். கீதையில் 18 அத்தியாயங்கள். வாரம் ஒன்றாக 18 வாரம் பேசினார். உடன் இருந்த சானே குருஜி அதை எழுதி வைத்தார். அந்த நூல் தமிழிலும் வந்துள்ளது.

கீதையின் 3-ஆம் அத்தியாயத்தின் பெயர் கர்ம யோகம். கர்மம் என்றால் செயல். யோகம் என்றால் இறைவனோடு சேரும் வழி. காட்டுக்குப் போய்த் தவம் செய்ய வேண்டியதில்லை. செய்யும் வேலையே வழி ஆகும். ஆனால் அதை நன்றாகச் செய்ய வேண்டும். பிறர் நலத்துக்காகச் செய்ய வேண்டும். பலனை நினைத்து மனம் அலையக் கூடாது.

ஓர் உழவரைப் பாருங்கள். உழுவதும் விதைப்பதும் களை எடுப்பதும் அவர் கையில். மழை அவர் கையில் இல்லை. மழையையே நினைத்துக் கலங்கினால் களை எடுக்க முடியுமா? மழை பொய்த்தாலும் அடுத்த பருவத்தில் மீண்டும் ஏர் பூட்டுகிறார். அந்த மன உறுதியைத்தான் கீதை கேட்கிறது.

"அப்படியானால் கூலி கேட்கக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. உழைத்த கூலி உங்கள் உரிமை. குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டமும் உண்டு. பலனில் பற்றை விடுவது ஒருவர் தம் மனத்தில் தாமே எடுக்கும் முடிவு. அடுத்தவர் கூலியைப் பிடித்துக் கொள்ள அது சாக்கு ஆகாது. கீதையைச் சொல்லி உங்கள் வாயை யாரும் அடைக்க விடாதீர்கள். கூலியைக் கேட்டு வாங்குங்கள். வேலையை மனம் வைத்துச் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

ஊர்க் கிணற்றைத் தூர் வாருகிறோம். மரக்கன்று நடுகிறோம். அதன் நிழலில் யார் உட்காருவார்கள் என்று நமக்குத் தெரியாது. தெரியாமலே செய்கிறோம். அதுவும் கர்ம யோகம்தான்.

பேசுங்கள், எழுதுங்கள்

1. 'ஆயி' என்ற சொல்லின் பொருள் என்ன?
2. உழவரின் கையில் இருப்பவை எவை? இல்லாதது எது?
3. பலனை எதிர்பாராமல் உங்கள் ஊருக்கு நீங்கள் செய்த ஒரு வேலையைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள்.