மீட்கப்பட்ட நாய்க்குட்டிகளும் கூட்டுப் பழக்கமும்

செகந்தராபாத்தைச் சார்ந்த போவன்பள்ளியில் பெரிய காய்கறிச் சந்தை ஒன்று உண்டு. இத்தகைய நெரிசல் மிக்க நகர்ப்பகுதிகளில், தாயைப் பிரிந்த நாய்க்குட்டிகளைத் தெருவினின்று மீட்டு உணவளிப்போர் பலர். ஆயினும் உடல் தேறுவது மட்டும் போதாது. பிற நாய்களுடன் பழகும் முறையைக் கல்லாத குட்டி, வளர்ந்தபின் அவற்றைக் கண்டு அஞ்சும், அச்சத்தால் கடிக்கும், இறுதியில் மீண்டும் கைவிடப்படும்.

இக்கல்விக்கு உரிய பருவம் குறுகியது. அமெரிக்க விஞ்ஞானிகளான ஸ்காட், ஃபுல்லர் ஆகிய இருவரும் 1965-ல் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையுள்ள காலமே இதற்கு ஏற்றதென விளக்கினர். அப்பருவத்தில் உடன்பிறந்த குட்டிகளே முதல் ஆசிரியர்கள். விளையாட்டில் ஒரு குட்டி அழுந்தக் கடித்தால், கடிபட்டது வீறிட்டு விலகிவிடும். விளையாட்டு நின்றுபோகவே, மெல்லக் கடிக்கும் அடக்கத்தை மற்றது கற்கிறது. ஆகவே ஓர் ஈற்றுக் குட்டிகளை 8 வாரமேனும் பிரிக்காதிருத்தல் நன்று.

இங்கு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. பார்வோ முதலிய கொடிய நோய்களுக்கான தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் வரை தொடர்கிறது. அது முடியும்வரை குட்டியைத் தனித்து வைப்பின், கற்கும் பருவம் கடந்துவிடும். தெருவில் விடின் நோய் பற்றும். இரண்டையும் தவிர்க்கும் வழி வருமாறு:

1. புதிதாக வந்த குட்டிகளை இரு வாரம் பிற நாய்களினின்று விலக்கி வைக்க வேண்டும். உடன்பிறந்தவை சேர்ந்தே இருக்கலாம். தனிக்குட்டி, பிற நாய்களைத் தொலைவிலிருந்து காணலாம்.

2. பின்னர், தெருநாய்கள் நுழையாத தூய முற்றத்தில், தடுப்பூசி பெற்ற சாதுவான பெரிய நாய் ஒன்றனோடு சில நிமிடங்கள் பழக விட வேண்டும்.

3. முன்னுடலைத் தாழ்த்திப் பின்னுடலை உயர்த்துதல் விளையாட்டுக்கு அழைப்பாகும். வாலை இடுக்கி ஒளிதல் அச்சத்தின் குறி. அப்போது நிறுத்திவிட வேண்டும். வலிந்து நெருக்குதல் தீங்கே தரும்.

ஆசிரியர்கள் மாணவர்க்கு ஒன்றைத் தவறாது உணர்த்த வேண்டும். குட்டியின் கடியாலும் வெறிநோய் பரவக்கூடும். கடியோ கீறலோ பட்ட இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனையை நாட வேண்டும். குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும் இன்றியமையாதது.