பட்டத்தில் கேமரா, கம்ப்யூட்டரில் அளவு

விமானம் இல்லாமலே நிலத்தை மேலிருந்து படமெடுக்கலாம். பிரான்ஸில் ஆர்தர் பாத்தூ 1888-லேயே பட்டத்தில் கேமராவைக் கட்டி எடுத்துவிட்டார். அமெரிக்காவின் கான்சாஸில், எம்போரியா ஸ்டேட் யுனிவர்சிட்டிப் பேராசிரியர் ஜேம்ஸ் ஏபர் இதே முறையில் செயென் பாட்டம்ஸ் சதுப்பு நிலத்தைப் படமெடுத்தார். ஸ்மால் பார்மேட் ஏரியல் போட்டோகிராபி என்பது இதுதான்.

படத்தில் ஒரு குளத்தை அளக்க, ஒரு பிக்ஸல் தரையில் எவ்வளவு என்று தெரிய வேண்டும். சென்சாரில் ஒரு பிக்ஸலின் அகலத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து, உயரத்தால் பெருக்குங்கள். பிக்ஸல் 0.002 மி.மீ., குவியத் தூரம் 5 மி.மீ., உயரம் 125 மீட்டர் என்றால் விடை 5 செ.மீ.

சிக்கல் உயரத்தில்தான். 125 மீட்டர் நூல் விட்டால் பட்டம் அந்த உயரத்தில் நிற்காது. நூல் சாயும், தொய்யும்.

எனவே களத்தில் 10 மீட்டர் சதுரம் அளந்து, நான்கு மூலைகளிலும் வெள்ளைத் துணி விரித்துவிட்டுப் படமெடுங்கள். (புரோகிராம் எழுதும் எனக்கு இது டெஸ்ட் டேட்டா மாதிரி!) பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் படத்தை ஜிம்ப் சாப்ட்வேரில் திறங்கள். டூல்ஸ் மெனுவில் மெஷரை க்ளிக் செய்து, ஒரு துணியிலிருந்து அடுத்த துணிக்கு இழுங்கள். 250 பிக்ஸல் வந்தால் ஒரு பிக்ஸல் 4 செ.மீ.; உண்மையான உயரம் 100 மீட்டர். நூலை நம்பியிருந்தால் குளத்தின் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகியிருக்கும்.

எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக வராவிட்டால் கேமரா சாய்ந்திருக்கிறது. அந்தப் படத்தை ரசிக்கலாம், அளக்காதீர்கள். படத்தின் சைஸைக் குறைத்துவிட்டும் அளக்க வேண்டாம். பாதியாக்கினால் 4 செ.மீ. 8 ஆகிவிடும்.