படகு கைமாறும்போது

அன்புள்ள தம்பிக்கு,

ஃபோர்ட் லாடர்டேலில், உல்லாசப் படகுகளுக்கு உரிமை மாற்றம் செய்துதரும் அலுவலகத்தில் நீ சேர்ந்துவிட்டதை அறிந்து மகிழ்ந்தேன். படிவம் நிரப்பும் வேலைதானே என்று பலர் சொல்லியிருப்பார்கள். படிவத்தை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். ஒருவர் பல வருடச் சேமிப்பைக் கொட்டி வாங்கும் படகோடு இன்னொருவருடைய கடனும் அவர் தலையில் வந்து விழாமல் பார்ப்பதுதான் உன் வேலை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நம் ஊரில் மனை வாங்குகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் முன்பணம் தரமாட்டார். படகுக்கு அதைவிடக் கவனம் வேண்டும். அமெரிக்கக் கடல்சார் சட்டத்தில் சில கடன்கள் படகையே பிடிக்கின்றன. எஞ்சினைப் பழுதுபார்த்த யார்டு, நிறுத்த இடம் தந்த மெரினா, டீசல் ஊற்றியவர், சம்பளம் வராத மாலுமி என்று பலருக்கும் அந்த உரிமை உண்டு. அது எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்க வேண்டிய கட்டாயமில்லை. படகு கைமாறினாலும் பாக்கி அதனுடனேயே போகும். ஒன்றும் அறியாத புது உரிமையாளரின் கண்ணெதிரே நீதிமன்ற ஆணையோடு வந்து படகைப் பறிமுதல் செய்வார்கள். படகையே பிரதிவாதியாக்கிக் கூட்டாட்சி நீதிமன்றம் ஏலம் விட்டால்தான் பழைய பாரம் தானாகக் கழியும். சாதாரண விற்பனையில் கழியாது. ஆகவே ஏட்டில் இல்லாததை வாய்விட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். கடைசியாக எந்த யார்டில் ஏற்றினார்கள், எங்கே நிறுத்தியிருந்தார்கள் என்று விற்பவரிடம் கேள். அங்கெல்லாம் நீயே போன் செய்து, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கு. இதற்கு உனக்கு யாரும் தனியாகக் கூலி தரப்போவதில்லை, இருந்தாலும் செய்.

அடுத்து, படகு எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று பார். 5 நிகர டன்னுக்குக் குறையாத படகை, அமெரிக்கக் குடிமக்கள் கடலோரக் காவல்படையின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கலாம். அதன் மையம் மேற்கு வர்ஜீனியாவில், ஃபாலிங் வாட்டர்ஸ் என்ற ஊரில் இருக்கிறது. அதில் சேர்ந்த படகுக்கு மாநில உரிமைச் சான்று இருக்கக் கூடாது; பழையது இருந்தால் ஒப்படைத்துவிட வேண்டும். ஆனால் ஃப்ளோரிடாவில் ஓட்டுவதற்கு மாநிலப் பதிவும் ஸ்டிக்கரும் தேவை. இந்த இரண்டு ஏடுகளுக்கும் நடுவில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. விற்பவர் மாநிலச் சான்று ஒன்றை நீட்டுவார். தேசியப் பதிவேட்டில் அதே படகின் மேல் வங்கி அடமானம் அப்படியே நிற்கும். பெரும்பாலும் அவர் பொய்யர் இல்லை. கடனை அடைத்திருப்பார், அடமானம் தீர்ந்ததற்கான பத்திரத்தைத்தான் வங்கி பதிவுக்கு அனுப்பியிருக்காது. வங்கியே வேறொன்றோடு இணைந்துபோயிருந்தால் அந்த ஒரு காகிதத்துக்காக நீ வெகுநாள் அலைய நேரும். அது வரும்வரை வாங்குபவரின் பணத்தை விடாதே.

காகிதத்தை நம்பிப் படகைப் பார்க்காமல் இருந்துவிடாதே. படகின் பின்னே நின்றால் வலப்பக்க மேல்மூலையில், விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் படகின் அடையாள எண்ணான ஹல் எண் பொறித்திருக்கும். 1972 நவம்பருக்குப் பிறகு கட்டிய படகுகளுக்கு அது 12 எழுத்தெண்கள் கொண்டது. முதல் மூன்று கட்டியவரின் குறியீடு, அடுத்த ஐந்து வரிசை எண். அந்த ஐந்தில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகளுக்கு இடமில்லை. ஆகவே அங்கே வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான். பழைய சான்றுகளில் யாரோ ஓ என்று தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள். 1984 ஆகஸ்டுக்குப் பிந்திய படகு என்றால் ஒன்பதாவது இடத்தில் மாதத்தைக் குறிக்கும் எழுத்து, ஏ முதல் எல் வரை. கடைசி இரண்டு மாடல் வருடம். எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடு. பிறகு விரலால் தடவிப் பார்: சுற்றியுள்ள ஜெல்கோட் ஒரே வழவழப்பாக இருக்க வேண்டும். எங்காவது சொரசொரத்தால், நிறம் மாறியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடு. 1984 ஆகஸ்டுக்குப் பிந்திய படகுகளில் அதே எண் மறைவான இடத்தில் இன்னொரு முறையும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு பேசு.

கையெழுத்தில் தாட்சண்யம் காட்டாதே. கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கும் படகுக்கு ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் உரிமை முழுதாகக் கைமாறாமல் போகலாம். வரியைக் குறைக்கச் சிலர் விலையைக் குறைத்து எழுதச் சொல்வார்கள். ஃப்ளோரிடாவில் ஒரு படகுக்கான விற்பனை வரி 18,000 டாலரைத் தாண்டாது என்று உச்சவரம்பே இருக்கிறது. அதற்குள்ளும் மிச்சம் பிடிக்க நினைப்பவருக்காக நீ பொய்ப் பத்திரம் எழுதாதே.

விற்பவரையும் மறந்துவிடாதே. வாங்கியவருக்கு உரிமைச் சான்று கோர 30 நாள் அவகாசம் உண்டு. மலிவாகப் பழைய பாய்மரப் படகு வாங்குகிற சிலர் அந்தப் பக்கமே போவதில்லை. ஒருநாள் அது நங்கூரமிட்ட இடத்திலேயே மூழ்கும். அகற்றும் செலவு படகின் விலையைத் தாண்டிவிடும். அந்தச் செலவைக் கேட்டுக் கடிதம் ஏட்டில் பெயருள்ளவருக்கு வரும். பெரும்பாலும் வயதானவர்கள், கடலுக்குப் போக உடம்பு இடம்தராமல் விற்றவர்கள். அவர்கள் பெயரில் விற்பனை அறிவிப்பை அன்றைக்கே தாக்கல் செய்து, நகலை அவர்கள் கையில் கொடுத்து அனுப்பு.

ட்ரெய்லர் இருந்தால் அதற்குத் தனிப் பதிவு, அதையும் கேட்டுக்கொள். முதல் கோப்பில் ஏதாவது இடித்தால் பென்சில் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. இரவானாலும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்