கறிவேப்பிலைக்கு வரும் விருந்தாளிகள்

சேலையூரில் எங்கள் மாடித் தோட்டத்துக் கறிவேப்பிலையைச் சுற்றி மஞ்சள் வரி போட்ட ஈயும், கறுப்பு மஞ்சள் பட்டாம்பூச்சியும் வருகின்றன. மருந்தடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அந்தரத்தில் அப்படியே நிற்கிறதே, அது மலர் ஈ. பார்க்கக் குளவி மாதிரி இருந்தாலும் கொட்டாது. குளவிக்கு நான்கு இறக்கை, இதற்கு இரண்டுதான். கொழுந்தில் அப்பும் அசுவினிகளை இதன் காலில்லாத புழு உறிஞ்சித் தீர்த்துவிடும். நீங்கள் சம்பளம் தராத தோட்டக்காரர்!

மற்றது எலுமிச்சைப் பட்டாம்பூச்சி. இலையை மேய்வது இதன் புழு. சிறிதாக இருக்கையில் பறவை எச்சம் போலிருக்கும், பிறகு பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றம் விடும். பயப்படாதீர்கள், ஒன்றும் செய்யாது. வளர்ந்த செடி என்றால் ஒரு கிளையை அதற்கு விட்டுக்கொடுங்கள். கன்று என்றால் புழுவை இலையோடு கிள்ளி, பக்கத்து எலுமிச்சையிலோ வில்வத்திலோ விடுங்கள். அங்கும் அதற்குச் சாப்பாடு உண்டு.