மாலை ஆறரைக்கு எங்கே போவது?

குடியை நிறுத்தத் துணிந்தவருக்குப் பகல் முழுக்க எப்படியோ ஓடிவிடும். டியூட்டி முடிந்து வண்டியை எடுக்கும் அந்த நேரம்தான் கண்டம். கை தானாகவே பழைய கடைப் பக்கம் வண்டியைத் திருப்பும். அதனால் ஆதரவுக் குழுக் கூட்டம் தேடும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: நான் வழக்கமாகக் குடிக்க உட்காரும் நேரத்தில், ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவில் எந்தக் கூட்டம் நடக்கிறது?

அதற்கும் முன்னால் ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் டாக்டரைப் பார்க்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆள் கண்ணில் தெரிந்தால் அது உயிரையே பறிக்கக்கூடிய கட்டம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்கு மருந்து உண்டு. சென்னை இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய அறக்கட்டளை நடத்துவது அது. சிகிச்சை தருகிற இடத்திலேயே கூட்டத்தைப் பற்றியும் கேளுங்கள். உங்கள் ஏரியாவில் எங்கே, என்றைக்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நம் ஊரில் அதிகம் கிடைப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற ஏ.ஏ. கூட்டம். அது பிறந்த கதையே வேலைக்குப் போகிறவரின் மாலை நேரக் கதைதான். 1935 மே மாதம், தொழில் விஷயமாக அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குப் போன பில் வில்சனுக்குக் காரியம் கெட்டுப்போனது. ஹோட்டல் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார், பக்கத்திலேயே பார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. அவர் பாருக்குள் போகவில்லை, போனை எடுத்தார். தேவாலயங்களின் எண்களைத் தேடிக் கூப்பிட்டு, தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அந்த இருவரின் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் இன்று உலகமெங்கும் நடக்கிற கூட்டங்கள்.

தேடும் வழி எளிது. ஏ.ஏ.யின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டப் பட்டியல் இருக்கிறது. அதைப் பார்த்ததோடு கிளம்பிவிடாதீர்கள். கொடுத்திருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். கூட்டத்தின் இடமும் நேரமும் மாறுவதுண்டு. பூட்டிய வாசலில் நின்றுவிட்டுத் திரும்பும் மனசு மறுநாள் மறுபடி கிளம்பாது. தமிழிலா ஆங்கிலத்திலா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்பதையும் அந்தப் போனிலேயே கேட்டுவிடலாம். திறந்ததற்கு யாரும் வரலாம், மனைவியோ நண்பரோ கூட வரலாம். மூடியது குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு மட்டும். எங்கே தொடங்குவதென்றே புரியாவிட்டால் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனசு ரொம்பத் தவித்தால் டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

ஷிப்ட் மாறி மாறி வருகிறதா? ஒரே குழுவை நம்பாமல் மூன்றைக் குறித்து வையுங்கள்: காலை ஷிப்டுக்கு மாலைக் கூட்டம், இரண்டாம் ஷிப்டுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், நைட் டியூட்டிக்கு ஆன்லைன் கூட்டம். நேரில் நடக்கும் கூட்டங்களில் ஆண்களே அதிகம் என்பதால் தயங்கும் பெண்களுக்கும் ஆன்லைன் ஒரு நல்ல வாசல்.

உள்ளே என்ன நடக்கும்? ஏறக்குறைய ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம். ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார்கள். நீங்கள் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. கட்டணம் கிடையாது, உண்டியல் சுற்றி வரும், போட முடிந்தால் போடலாம். ஆபீஸ் ஆள் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அவரும் அதே காரணத்துக்குத்தான் வந்திருக்கிறார். அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பது அந்த அறையின் கட்டுப்பாடு. முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். குழுவுக்குக் குழு சுபாவம் வேறு. ஐந்தாறு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கடவுள் பேச்சு ஒட்டவில்லை என்றால், 'உயர்ந்த சக்தி' என்பதை அந்தக் குழுவாகவே எடுத்துக்கொள்கிற நாத்திகர்களும் அங்கே உண்டு.

ஆபீசில் என்ன சொல்வது? கூட்டத்துக்குப் போவதை யாருக்கும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. 'மருத்துவக் காரணம், செவ்வாயும் வெள்ளியும் 6 மணிக்குக் கிளம்ப வேண்டும்' என்று மேனேஜரிடம் சொன்னால் போதும். அட்மிட் ஆக வேண்டி வந்தால் டாக்டர் சான்றிதழோடு மருத்துவ விடுப்பு எடுங்கள். பொய்க் காரணம் சொன்னால் அதைக் காப்பாற்றுவதே தனி வேலையாகிவிடும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடியால் வரும் மனநலப் பாதிப்புகளையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. சிகிச்சை விவரத்தை மருத்துவமனை ரகசியமாகக் காக்க வேண்டும். காப்பீட்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பல பாலிசிகளில் குடிநோய்க்கான சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கிறது. சேருமுன் படித்துப் பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் 1951 முதல் இருக்கிறது. நீங்கள் கூட்டத்துக்கு வர மறுத்தாலும் உங்கள் மனைவி அங்கே போகலாம், தாராளமாகப் போகட்டும்.

முதல் நாளே இரண்டு மூன்று பேரிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டு வாருங்கள். ஸ்பான்சர் என்கிற மூத்த துணை பிறகு அமைவார்; அதுவரை இந்த நம்பர்கள்தான் கை கொடுக்கும். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் ஒன்று தலைதூக்கினாலே கூப்பிடுங்கள், கிளாஸ் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். சம்பள நாள், தீபாவளி போனஸ் நாள், டீம் பார்ட்டி நாள் மூன்றையும் இப்போதே காலண்டரில் வட்டமிட்டு, அன்றைக்கு எந்தக் கூட்டம், யார் கூட வருவார் என்பதைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.