66-ஐ முதலில் கேட்பதா, 69-ஐயா?

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லித்தரப் போகிறீர்களா? முதல் மாதம் லேப் பக்கமே கூட்டிப் போகாதீர்கள். சின்னமனூர்ப் பக்கம் தமிழ்வழிப் பிள்ளைகளோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரு வருடத்தையே பாழாக்கியது அவசரம்தான். பயிற்சி தர வெளியிலிருந்து வந்தவர்கள், முதல் நாளே போர்டில் எழுதிய ஆங்கில நிரலை அப்படியே டைப் அடிக்க வைத்தார்கள். ஒரு அரைப்புள்ளி விட்டால் பிழை; ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. பிள்ளைகளிடம் மிஞ்சியது பயம்தான். முதலில் யோசிக்கப் பழக்குவோம் என்றேன். "கம்ப்யூட்டர் இல்லாம என்ன சார் கோடிங்?" என்று சிரித்தார்கள். ஆனால் நியூசிலாந்தில் கணினிக் கல்வியாளர் டிம் பெல்லின் குழுவினர் 1990-களிலேயே அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

பயிற்சி தர வந்தவர்கள் போனதும், நான் பாடத்துக்கு வைகை அணையை எடுத்தேன். நீர்மட்டம் 66 அடியில் முதல் கட்ட வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கும் கணக்கு. "நீர்மட்டத்தைச் சொன்னால் எந்த எச்சரிக்கை என்று கண்டுபிடிக்க, தமிழிலேயே வரிசையாகக் கேள்வி எழுதுங்கள். எந்தக் கேள்விக்கு முதலில் 'ஆமாம்' வருகிறதோ, அதோடு நிறுத்திவிட வேண்டும்" என்றேன். பெரும்பாலோர் 66-ல்தான் தொடங்கினார்கள். ஒரு பிள்ளையை இயந்திரமாக நிற்கவைத்து "70 அடி" என்றேன். "66-க்குக் குறையாம இருக்கா? ஆமாம். முதல் கட்டம்" என்று நின்றுவிட்டாள். வகுப்பே கத்தியது. கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "சார், 69-ஐ மொதல்ல கேக்கணும்" என்றான். நிபந்தனைகளின் வரிசை மாறினால் விடையே மாறும் என்பது, கீபோர்டைத் தொடாமலே அவர்களுக்குப் புரிந்தது. அடுத்து "65" என்றேன். எதற்குமே 'ஆமாம்' வரவில்லை. அதற்கும் ஒரு வரி வேண்டும் என்று அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

மற்றதெல்லாம் சுலபம். இணையம் இல்லாமலே ஓடும் ஸ்கிராட்ச் என்ற மென்பொருளைப் போடுங்கள். கட்டங்களை இழுத்து ஒட்டினால் போதும், எழுத்துப்பிழைப் பயம் இல்லை. பிறகு முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழி. 'பதிப்பி' என்று தமிழில் எழுதினாலே திரையில் விடை வரும். பைத்தான் அதற்கப்புறம்.

உங்கள் பள்ளியிலும் வாரத்துக்கு ஒரு லேப் பீரியடும் நடுவில் கரண்ட் கட்டும்தானே? அந்த நேரத்தை டைப்பிங்கில் கரைக்காதீர்கள். பயிற்சி தருகிறேன் என்று வருபவரிடம், மிஷினைத் தொடுவதற்கு முன் என்ன சொல்லித்தருவீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.