பயிற்சி பெற்றால் தொழில் முனைவோர் ஆகலாமா?

கொல்லிமலை விவசாயப் பெருமக்களே! கல்லூரியில் படிக்கும் உங்கள் மகனோ, மகளோ, "தொழில் முனைவோர் பயிற்சி பெற்றுள்ளேன், சாமை அரிசி வியாபாரம் தொடங்கப் பணம் வேண்டும்" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்குமுன், பயிற்சியால் ஆவது எது, ஆகாதது எது என அறிந்துகொள்வது நலம்.

ஆய்வுகள் கூறுவன

நெதர்லாந்து நாட்டுக் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2010-ல் வெளியாயிற்று. பயிற்சிக்குப் பின் தொழில் தொடங்கும் எண்ணம் அவர்களிடம் கூடவில்லை, குறைந்தது. தொழிலின் சிரமம் முன்னதாகவே புரிந்திருந்தால் அதுவும் நன்மையே.

ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறு தொழில் செய்வோரிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. வழக்கமான வியாபாரப் பாடம் படித்தோரின் இலாபம் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. தாமாக வாய்ப்பைத் தேடவும், தடைகளை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கவும் பயின்றோரின் இலாபம் 30 சதம் உயர்ந்தது.

நம் மலையின் அனுபவம்

மரவள்ளி பரவியதால் சாமை, தினைப் பரப்பு சுருங்கியது. உரலில் குத்தி உமி நீக்கும் சிரமமும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கு சுய உதவிக் குழுக்களுக்குப் பயிற்சி மட்டும் அளிக்கவில்லை. உமி நீக்கும் இயந்திரம், பொட்டலமிடும் முறை, விற்பனை வழி ஆகியவற்றுக்கும் உதவியது.

கணக்கைப் பாருங்கள்

உதாரணமாக, கிலோ 40 ரூபாய் வீதம் 100 கிலோ சாமை வாங்க 4,000 ரூபாய். அரவைக்கும் பைக்கும் வண்டிக்கும் 1,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 5,000 ரூபாய். கிலோ 50 ரூபாய்தான் அடக்கம் என்று எண்ணி 70 ரூபாய்க்கு விற்றால் என்ன ஆகும்? உமி நீங்கிக் கிடைக்கும் அரிசி 60 கிலோ எனில், அடக்கவிலை கிலோ 83 ரூபாய்க்கு மேல். கிலோவுக்கு 13 ரூபாய் நட்டம்!

செய்ய வேண்டியவை

1. முதலில் ஒரு மூட்டை சாமையை அரைத்து, கிடைக்கும் அரிசியை எடை போடுங்கள்.

2. நாமக்கல், சேலம் கடைகளில் விலையும், பணம் தரும் தவணையும் கேட்டு வரச் சொல்லுங்கள்.

3. வீட்டார் உழைப்புக்கும் கூலி போட்டுக் கணக்கு எழுதச் செய்யுங்கள்.

4. ஒரு பருவம் சிறிய அளவில் விற்று இலாபம் கண்ட பின்னரே கடனை நாடுங்கள்.

பயிற்சி விதை போன்றது. நிலமும் நீரும் பக்குவமும் சேர்ந்தால்தான் மகசூல். பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் சான்றிதழோடு கணக்கு நோட்டையும் கேளுங்கள்.